"இந்த ஃபிஃபாகாரனுக்கு எனக்க நம்பரு எப்படிலே தெரியும்?"

2022 டிசம்பர் 20 இருக்கும். எங்க மாமா கடலுக்குப் போயி 26 நாள் கழிச்சு கரைக்கு வந்தாரு. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் போட்டுல ஸ்ராங்கு அவரு, அதாவது போட்டை ஓட்டுற ஆள், கொச்சி தோப்பும்படியில ஏறுவாங்க, லட்சத்தீவு தாண்டி எங்கெங்கயோ போவாங்க, அங்க போனுன்னா அது பாட்டு கேக்குற பெட்டி மட்டும்தான், டவர் வாசனையே கெடயாது. திரும்பி வரும்போது கரை கண்ணுக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே டவர் வந்துரும், அப்ப எல்லார் பாக்கெட்டும் ஒரே நேரத்துல துடிக்க ஆரம்பிக்கும்னு சொல்லுவாரு. அந்த தடவை மாமா போனுல மாமியோட மிஸ்டு கால், பேங்க் மெசேஜ், அதுக்கு எடையில கொத்து கொத்தா ஒரு நோட்டிஃபிகேஷன். கோல். இன்னொரு கோல். அர்ஜென்டினா செமிஃபைனல். எல்லாத்துக்கும் மேல, கத்தார் ஃபுட்பால் உலகக்கோப்பையில அர்ஜென்டினா சாம்பியன்.

மனுஷன் 1986ல மரடோனா ஆடுனதை தூர்தர்ஷன்ல பாத்த நாள்ல இருந்து அர்ஜென்டினா. 36 வருஷம் காத்துக் கெடந்த விஷயத்தை ஒரு வரி மெசேஜ்ல முடிச்சு விட்டுட்டானேன்னு ஒரு கோவம், ஜெயிச்சுட்டாங்கன்னு ஒரு சந்தோஷம், ரெண்டும் சேந்து வீட்டுக்கு வந்தவரு பேக்கை கீழ வைக்கல, கேட்டது இதுதான்: "லே மக்கா, இந்த ஃபிஃபாகாரனுக்கு எனக்க நம்பரு எப்படிலே தெரியும்?"

நம்பர் தெரியாது மாமா, நான்தான் உங்க போன்ல ஆப் ஏத்தி, உங்க மெயில் ஐடி போட்டு, புடிச்ச டீம் எதுன்னு கேட்டதுக்கு அர்ஜென்டினான்னு தொட்டு விட்டேன்னு சொன்னேன். அதுக்கு அவரு கேட்ட அடுத்தடுத்த கேள்விக்கு நான் சொன்ன பதில்தான் இந்த கட்டுரை. ஸ்போர்ட்ஸ்ல 'டிஜிட்டல் ஃபேன் என்கேஜ்மென்ட்'னு கோட்டு போட்டவங்க பேசுற சமாச்சாரம் இதுதான், போன் நெட் வழியா ரசிகனை கைக்குள்ளயே வச்சுக்கிறது, கேக்க பெருசா இருக்கும், உள்ள போனா எளிமைதான்.

மொதல்ல ஃபிஃபா யாருன்னு பாத்துருவோம், ஏன்னா மாமா அது ஒரு டிவி சேனல்னே நெனச்சிட்டு இருந்தாரு. ஒரு ஆட்டத்தை உலகம் பூரா கட்டி மேய்க்குறது, டோர்னமென்ட் நடத்துறது, எந்தெந்த நாடு அதுல டீம் அனுப்பலாம்னு முடிவு பண்ணுறது, இதுக்கெல்லாம் மேல ஒரு சங்கம் இருக்கும். ஃபுட்பாலுக்கு ஃபிஃபா, 1904ல ஆரம்பிச்சது, ஆபீஸ் சுவிட்சர்லாந்து சூரிச்ல, கீழ 211 சம்மேளனம். அதுல நம்ம நாட்டுக்கு ஏஐஎஃப்எஃப். கிரிக்கெட்டுக்கு துபாய்ல இருக்குற ஐசிசி, நமக்கு பிசிசிஐ. மெஸ்ஸி இவங்க ஆள் கெடயாது, பார்சிலோனாவும் இவங்க டீம் கெடயாது. இவங்க கையில இருக்குறது டோர்னமென்ட். அதுதான் இவங்க சரக்கு.

சரி, சரக்கை எப்படி விக்குறாங்க? நம்ம தேங்காப்பட்டணம் ஹார்பர்ல விக்குற மாதிரிதான். மீனு கரைக்கு வந்ததும் ஏலம், அதிகமா கேட்ட வியாபாரிக்கு போகும், அவன் ஐஸ் போட்டு லாரில ஏத்தி விட்டான்னா முடிஞ்சுது. நீங்க புடிச்ச சுறா கேரளாவுல பாலா டவுன்ல எந்த வீட்டு சட்டில கொதிச்சுது, காரம் போதலன்னு யாரு சொன்னா, அடுத்த வாரம் திரும்ப வாங்குனாங்களா, ஒண்ணும் உங்களுக்கு தெரியாது, ஏலக்காசு மட்டும் தெரியும். டிவி காலத்துல ஸ்போர்ட்ஸ் சங்கங்களும் இப்படித்தான் இருந்தாங்க, ஒளிபரப்பு உரிமைய ஏலத்துல டிவிக்காரனுக்கு வித்தாச்சு, காசு வந்தாச்சு, கொல்லங்கோட்டுல ஒரு வீட்டுல பத்து பேரு உக்காந்து பாத்தாங்கன்னு சூரிச்ல ஒருத்தனுக்கும் தெரியாது. டிவிக்காரனுக்கே சரியா தெரியாது, கொஞ்சம் வீட்டுல மீட்டர் வச்சு அதை வச்சு மொத்த நாட்டுக்கும் கணக்கு போடுவான்.

இன்டர்நெட் வந்ததும் என்ன ஆச்சுன்னா, எந்த சட்டில கொதிச்சுதுன்னு தெரிய ஆரம்பிச்சுது. அதுதான் மொத்த விஷயமும். மிச்சம் எல்லாம் அதுல இருந்து கெளம்புன கிளைதான்.

ஏலத்துல இது எவ்வளவு வேகமா ஏறிச்சுன்னு பாருங்க. 2010ல ஐபிஎல் மேட்சை யூடியூப்ல லைவா விட்டாங்க, அப்ப நம்ம ஊர்ல நெட் சென்டர்ல போயி அதை பாக்கணும்னா மேட்ச் முடிஞ்சு கிரவுண்டுல லைட் அணைச்ச பிறகும் நமக்கு எட்டாவது ஓவர்தான் சுத்திக்கிட்டு நிக்கும், யாரும் பெருசா கண்டுக்கல. 2022 ஜூன்ல பிசிசிஐ 2023 முதல் 2027 வரைக்குமான ஐபிஎல் உரிமைய ஏலம் விட்டப்போ டிவிய தனியாவும் டிஜிட்டலை தனியாவும் பிரிச்சு விட்டாங்க. இந்தியாவுல டிவிக்கு மட்டும் 23,575 கோடி. டிஜிட்டலுக்கு 20,500 கோடி, அதோட முக்கியமான சில மேட்சுக்கு தனியா இன்னொரு டிஜிட்டல் கட்டு, அது 3,258 கோடி, கூட்டிப் பாருங்க, டிவிய தாண்டிருச்சு. வெளிநாட்டு உரிமையும் சேத்து மொத்தம் 48,390 கோடி. பெரிய பெட்டிய விட உள்ளங்கையில இருக்குற பெட்டிக்கு வெல கூடிப்போச்சு.

ஆனா ஏலத்துல வித்தா அந்த தகவல் எல்லாம் வாங்குன வியாபாரிகிட்டதானே போகும்? அதான். அதனாலதான் சங்கமே சொந்தமா கடை போட ஆரம்பிச்சுது. ஃபிஃபா 2022 ஏப்ரல்ல ஃபிஃபா பிளஸ்னு ஒண்ணு எறக்குனாங்க, சந்தா கெடயாது, பழைய உலகக்கோப்பை மேட்ச்ல கேமராவுல பதிவானது எதெல்லாம் இருக்கோ அதெல்லாம் உள்ள தேடி எடுக்கலாம்னு சொன்னாங்க, அதுவே 2000 மணி நேரத்துக்கு மேல. கூடவே டிவிக்காரன் சீண்டாத லீக் மேட்ச் எல்லாம் லைவ். இதுல நமக்கு நெருக்கமான ஒண்ணு, மாநில டீமுங்க மோதுற நம்ம சந்தோஷ் டிராபி. கடற்கரையில எட்டு ஊருக்கு எட்டு கிரவுண்டு வச்சிருக்குற ஆளுங்களுக்கு சந்தோஷ் டிராபின்னா என்னன்னு வெளக்கணுமா, இரவிபுத்தன்துறையில இருந்து போயி ஐஎஸ்எல் ஃபுட்பால் லீக்ல ஆடுன மைக்கேல் சூசைராஜை தெரியாத ஆள் இங்க உண்டா, அவரு மாதிரி எத்தனையோ பிள்ளைங்க இந்த மாதிரி டோர்னமென்ட்ல ஆடித்தான் வேலைக்கும் கிளப்புக்கும் போறாங்க. 2023ல சந்தோஷ் டிராபி கடைசி சுற்று ஃபிஃபா பிளஸ்ல வந்துது, ஃபைனல் சவுதி ரியாத்ல நடந்துது, கர்நாடகா 3-2ன்னு மேகாலயாவ தோக்கடிச்சுது. ஒரு காலத்துல நியூஸ் பேப்பர்ல நாலாவது பத்தியில ஸ்கோர் மட்டும் வர்ற டோர்னமென்ட் அது.

இங்க ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும். ஃபிஃபாவோட சொந்த ஆப்தானே, அப்ப உலகக்கோப்பை லைவ் ஏன் அதுல வரல? ஏன்னா அதை நம்ம நாட்டுல ஏற்கனவே ஏலத்துல வித்தாச்சு. 2022 உலகக்கோப்பை இந்தியாவுல ஜியோசினிமாவுல வந்துது, தமிழ் மலையாளம் கமெண்டரி ரெண்டும் இருந்துது. வித்த சரக்கை அதே தெருவுல தானும் கடை போட்டு விக்க முடியாதுல்ல. அதனால உங்க போன் எந்த நாட்டுல இருந்து பேசுதுன்னு பாத்து அந்த வீடியோவ அங்க மறைச்சிருவாங்க, இதைத்தான் ஜியோ பிளாக்கிங்னு சொல்றது. மஸ்கட்ல இருக்குற என் கூட்டாளிக்கு ஓடுற லிங்க் எனக்கு ஓடாதது இதனாலதான், உங்க போன்ல கோளாறு ஒண்ணும் இல்ல, அதை தூக்கிட்டு மார்த்தாண்டம் சர்வீஸ் சென்டருக்கு போயிராதீங்க.

இப்ப மெயில் ஐடி கதைக்கு வருவோம். 2025 கிளப் வேர்ல்ட் கப், 32 டீம், 63 மேட்ச், டாஸோன்னு ஒரு ஆப்ல அத்தனையும் ஓசியா காட்டுனாங்க. ஓசின்னா, காசு கேக்கல. பேரும் மெயிலும் குடுத்து அக்கவுன்ட் தொறக்கணும். இந்த அக்கவுன்ட்தான் கூலி. ஒரு தடவை நீங்க உள்ள வந்துட்டீங்கன்னா எந்த மேட்சை எத்தனை நிமிஷம் பாத்தீங்க, பெனால்டி நேரம் மட்டும் வந்து பாத்துட்டு ஓடுற ஆளா, ராத்திரி 12 மணிக்கு முழிச்சிருக்குற ஆளா, ஜெர்சி லிங்க்கை தொட்டீங்களா, எல்லாம் உங்க பேருக்கு நேர எழுதி வைக்க முடியும். நேரா உங்ககிட்ட இருந்தே வாங்குன இந்த தகவலுக்கு ஃபர்ஸ்ட் பார்ட்டி டேட்டான்னு பேரு. ஸ்பான்சர்கிட்ட போயி "உலகம் பூரா எங்களுக்கு ரசிகர்கள்"னு சொல்றதுக்கும் "தென்னிந்தியாவுல அர்ஜென்டினா பிடிச்ச இத்தனை லட்சம் பேர் பேரோட எங்ககிட்ட இருக்காங்க"ன்னு சொல்றதுக்கும் வெலயில வித்தியாசம் உண்டுல்ல.

அந்த தகவல வச்சுத்தான் மாமாவுக்கு அர்ஜென்டினா கோல் மட்டும் குறி வச்சு வந்துது, பிரேசில் அடிச்சது வரல. ஆனா ஆள் நடுக்கடல்ல இருக்காருன்னு அதுக்கு தெரியாது. ஆண்ட்ராய்டு போனுக்கு வர்ற நோட்டிஃபிகேஷன் பெரும்பாலும் கூகுளோட சர்வர் வழியாத்தான் வருது, போன் ஆன்லைன்ல இல்லன்னா அது அங்கயே தங்கி நிக்கும், அனுப்புறவன் தனியா ஒரு நேரம் குறிக்கலன்னா நாலு வாரம் வரைக்கும் வச்சிருக்கும். 26 நாள்னா நாலு வாரத்துக்கு ரெண்டு நாள் கம்மி. மாமா இன்னும் ஒரு வாரம் சேத்து கடல்ல தங்கல் போட்டிருந்தாருன்னா கொஞ்சம் பழசெல்லாம் கழிஞ்சு போயிருக்கும், சாம்பியன் மெசேஜ் மட்டும் எப்படியும் வந்துதான் இருக்கும்.

எல்லையில இருக்குற நமக்கு இதுல இன்னொரு கூத்து உண்டு. எங்க வீடு களியக்காவிளை பக்கம், கீழ உக்காந்தா தமிழ்நாட்டு டவர், மாடிக்கு போனா பாறசாலை டவர். ஒரே மேட்சை நான் கீழயும் தம்பி மேலயும் பாத்தா ஓவர் முடிஞ்சு வர்ற விளம்பரம் எனக்கு தமிழ்ல, அவனுக்கு மலையாளத்துல திருவனந்தபுரம் நகைக்கடை. டிவில எல்லாருக்கும் ஒரே விளம்பரம், ஸ்ட்ரீமிங்ல மேட்ச் வீடியோ வர்ற வழியிலயே எடையில இடம் விட்டு ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொண்ணை சொருவி அனுப்புறாங்க. ஒரே எலையில சோறு ஒண்ணு, கூட்டு வேற வேற.

விக்குறது மட்டுமே டிஜிட்டல் இல்ல, ஆட்டத்தை புரிய வைக்குறதுக்கும் இதை பயன்படுத்துறாங்க, எனக்கு அதுதான் ரொம்ப பிடிக்கும். மாமா கடலுக்கு ஏறுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, நவம்பர் 22, மத்தியானம் மூன்றரைக்கு அர்ஜென்டினா - சவுதி. சர்ச் பக்கத்துல ஸ்கிரீன் கட்டி மொத்த ஊரும் நீலம் வெள்ளை. மெஸ்ஸி பெனால்டில ஒண்ணு போட்டாரு. அதுக்கப்புறம் மொத பாதியிலயே மூணு தடவை பந்து வலைக்குள்ள போச்சு, மூணும் ஆஃப்சைடு, பாஸ் அடிக்குற நேரத்துலயே ஆள் எதிர் டீமோட தடுப்பு ஆளை தாண்டி நின்னுட்டான்னு கோல் செல்லாது. ஒவ்வொரு தடவையும் பட்டாசு பத்த வச்சு திரும்ப அணைக்க வேண்டியதாச்சு. அதுல அர்ஜென்டினா ஆட்டக்காரர் லௌதாரோ போட்டதுல ஒண்ணுக்கு ஸ்கிரீன்ல பொம்மை மாதிரி ஒரு படம் வந்துது, சாம்பல் கலர் கிரவுண்டு, ரெண்டு டீம் ஆளுங்களும் பொம்மையா, நடுவுல கண்ணாடிச் சொவரு மாதிரி ஒரு கோடு, லௌதாரோவோட தோள் பக்கம் துளியூண்டு தாண்டி நிக்குது. மாமா கத்துனாரு, "இது கார்ட்டூன்லே! இதை வச்சா கோலை புடுங்குவானுவ?"

கார்ட்டூன் இல்ல மாமா. கத்தார்ல ஒவ்வொரு ஸ்டேடியத்துலயும் கூரைக்கு அடியில 12 கேமரா, ஆட்டக்காரங்களை மட்டுமே பாக்குறதுக்கு. ஒவ்வொருத்தர் ஒடம்புலயும் 29 இடம், கால் நுனி, முட்டு, தோள்னு, வினாடிக்கு 50 தடவை எங்க இருக்குன்னு குறிக்கும். பந்துக்குள்ளயும் ஒரு சென்சார், அது வினாடிக்கு 500 தடவை பேசும், அதனால பாஸ் அடிச்ச நொடி எதுன்னு துல்லியமா தெரியும். ரெண்டையும் சேத்து ஆஃப்சைடுன்னா வீடியோ ரூம்ல மணி அடிக்கும், அங்க இருக்குற ஆள் சரிபாத்துட்டுத்தான் ரெஃப்ரிக்கு சொல்லுவாரு. அந்த முடிவுக்கு எடுத்த அதே புள்ளிகளை வச்சு பொம்மைப்படம் பண்ணி ஸ்டேடியத்துலயும் டிவிலயும் காட்டுறாங்க. ரெஃப்ரிக்கு அந்த படம் தேவையே இல்ல, முடிவு ஏற்கனவே எடுத்தாச்சு. படம் நமக்குத்தான். முன்னாடி லைன் ரெஃப்ரி கொடி தூக்குனா காசு வாங்கிட்டான்னு நம்ம ஊர்ல கெளம்புற பேச்சு உண்டுல்ல, அதுக்கு பதில் சொல்ற படம் அது. மாமா அன்னிக்கு ஒத்துக்கல. இன்னிக்கும் தோள் கணக்குல வராதுன்னு வாதாடுவாரு, கோல் போடக்கூடிய எடம் எதுவோ அது கணக்குல வரும்னு நூறு தடவை சொல்லியாச்சு.

அப்புறம் போனை புடிக்குற விதம். நம்ம ஆளுங்க பஸ்ல ஒரு கையில கம்பிய புடிச்சுட்டு ஒரு கையில போனை நேரா நிமித்தி வச்சுத்தான் பாப்பாங்க, படுக்க வச்சு பாக்குறது வீட்டுலதான். ஐசிசி 2023 கிரிக்கெட் உலகக்கோப்பையில இதுக்குன்னே நெட்டுக்குத்தா ஒரு வீடியோ கொண்டு வந்தாங்க, மேல பேட்ஸ்மேன், கீழ ஸ்கோர் மாதிரி அடுக்கி. சின்ன விஷயம்தான், ஆனா கொல்லங்கோட்டுல இருந்து நாகர்கோவில் போற பஸ்ஸை நெனச்சு யாரோ எங்கயோ யோசிச்சிருக்கான்.

சோஷியல் மீடியா பத்தி தனியா நீட்டி முழக்க ஒண்ணும் இல்ல, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஒண்ணு மட்டும் சொல்றேன். 2022 நவம்பர்ல கோழிக்கோடு பக்கம் புல்லாவூர் ஆத்துல மெஸ்ஸி, நெய்மர், ரொனால்டோ மூணு பேருக்கும் பெரிய பெரிய கட்டவுட் வச்சாங்கல்ல, அந்த போட்டோவ ஃபிஃபாவே அவங்க பக்கத்துல போட்டாங்க. செலவு பண்ணது ஊர்க்காரங்க, ஒருத்தனுக்கு ஒருத்தன் ஒசரம் கூட்டி வச்சு போட்டி போட்டதும் அவங்கதான், ஃபிஃபா பண்ணது ஒரு போட்டோவ எடுத்துப் போட்டது மட்டும். ஒரு பைசா செலவில்லாம உலகம் பூரா விளம்பரம், அதே நேரம் அந்த ஊர்க்காரங்களுக்கும் ஆயுசுக்கும் பெரும. ரசிகனை வச்சே ரசிகனை இழுக்குறது, கெட்டிக்காரத்தனம்தான்.

கோடிக்கணக்குல பேரு பாத்தாங்கன்னு வர்ற செய்தியை படிக்கும்போது கொஞ்சம் நிதானமா படிங்க. 2023 நவம்பர் 19, அதே கிரிக்கெட் உலகக்கோப்பையோட அகமதாபாத் ஃபைனல், நம்ம தோத்த அந்த நாள், ஹாட்ஸ்டார்ல 5.9 கோடின்னு சொன்னாங்க. அது ஒரே நேரத்துல பாத்துட்டு இருந்தவங்களோட உச்சம். இதை கன்கரன்ட்னு சொல்லுவாங்க. வியூஸ்ங்கிறது வேற கணக்கு, நீங்க மூணு தடவை வெளிய போயி மூணு தடவை உள்ள வந்தா அது மூணா ஏறலாம். பெருநாள் அன்னிக்கு சர்ச்சுக்குள்ள ஒரே நேரத்துல எத்தனை தலைன்னு எண்ணுறதும் நாள் பூரா வாசலை தாண்டுனது எத்தனை தடவைன்னு எண்ணுறதும் ஒண்ணாகுமா? ரெண்டையும் ஒரே மேடையில வச்சு ரெக்கார்டு ரெக்கார்டுன்னு அடிக்குறவங்களை நான் நம்புறதில்ல.

கத்தார்ல இன்னொரு வேலையும் நடந்துது. தோத்த டீம் ஆளுங்களோட சோஷியல் மீடியா பக்கத்துல போயி அம்மா அப்பா வரைக்கும் இழுத்து வையுறாங்கல்ல, அதை தடுக்க ஃபிஃபாவும் ஆட்டக்காரங்க சங்கமும் சேந்து ஒரு ஏற்பாடு பண்ணி, 2 கோடிக்கு மேல போஸ்டையும் கமெண்டையும் மெஷின் வச்சு சலிச்சு பாத்து, 19 ஆயிரத்துக்கு மேல கேவலமானதுன்னு உறுதிப்படுத்துனாங்க. சாய்ங்கால டீக்கடையில நடக்குறது கணக்குல வராது.

ஆப்ல பேரு குடுக்குற விஷயத்துல ஒண்ணு. நம்ம நாட்டுல 2023ல தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் போட்டாங்க, அதுல 18 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்க தகவல எடுக்கணும்னா பெத்தவங்க சம்மதம் வேணும்னு இருக்கு. நம்ம வீட்டுல நடக்குறது என்ன, அப்பா போன்ல அப்பா மெயில்ல பையன்தான் எல்லாத்துக்கும் ஓகே அமுக்குறான். சங்கங்களே நடத்துற ஃபேன்டசி கேம் பொதுவா காசு இல்லாம ஆடுறது, டீம் தேர்ந்தெடுத்து புள்ளி சேக்குறது, உங்களை தினம் ஒரு தடவை உள்ள வர வைக்குற வேலை அது. காசு கட்டி ஆடுறதை 2025 ஆகஸ்ட்ல சட்டம் போட்டு நிறுத்தியாச்சு, நல்லதாச்சுன்னு சொல்ற அம்மாமார் எங்க தெருவுலயே நாலு பேர் உண்டு.

இதெல்லாம் சூரிச்லயும் துபாய்லயும் மட்டும்னு நெனைக்காதீங்க. எங்க ஊர்ல டீமுக்கு ஏழு பேர் ஆடுற செவன்ஸ் ஃபுட்பால் டோர்னமென்ட் கமிட்டியும் ஒரு குட்டி சங்கம்தான். ரெண்டு வருஷமா கார்னர் பக்கம் மூங்கில் கட்டி அதுல ஒரு போனை வச்சு யூடியூப்ல லைவ் விடுறாங்க, காத்தடிச்சா கேமரா ஆடும், கமெண்டரி சொல்ற அண்ணன் கோல் விழுந்தா மைக்கை தூக்கிட்டு ஓடிருவாரு. மொத வருஷம் முடிஞ்சு கணக்கு பாத்தா பாதிக்கு மேல கல்ஃப்ல இருந்து பாத்திருக்காங்க, அதுவும் வெள்ளிக்கெழம. அடுத்த வருஷம் செமிஃபைனல் ரெண்டையும் வெள்ளிக்கெழமைக்கு மாத்துனாங்க, கீழ காசு அனுப்ப ஒரு க்யூஆர் கோடும் போட்டாங்க, பரிசுத்தொகைய விட கூடுதலா காசு வந்துது. ஃபர்ஸ்ட் பார்ட்டி டேட்டாங்கிற வார்த்தைய அந்த கமிட்டில யாரும் கேள்விப்பட்டதே இல்ல.

மாமா கதை பாக்கி இருக்கு. கரைக்கு வந்த அன்னிக்கு ராத்திரி ஃபைனல் ரீப்ளேய முழுசா போட்டு குடுத்தேன், 3-3, பெனால்டி 4-2, எல்லாம் தெரிஞ்சும் எதிர் டீம் பிரான்ஸோட எம்பாப்பே ரெண்டாவது கோல் போட்டப்போ எந்திரிச்சு வெளிய போயிட்டாரு, மாமிதான் திரும்ப கூப்பிட்டு உக்கார வச்சாங்க. ஜனவரில அடுத்த தங்கலுக்கு ஏறுறதுக்கு முன்னாடி போனை என் கையில நீட்டுனாரு. செட்டிங்ஸ்ல போயி கோல் அலர்ட், ரிசல்ட் அலர்ட் ரெண்டையும் அணைச்சு விட்டேன், முழுசா ஆப்பையே எடுத்துரவான்னு கேட்டேன்.

"வேண்டாம்லே, கெடக்கட்டு. கோல் அடிச்சா சொல்லாண்டாம், மேட்சை மட்டும் எடுத்து வச்சிரு."